மேட்ச் பேக்கில் இருக்கிற அந்தக் கேன்



நீளமான பதிவு. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் விளையாட்டுக்குப் போகிற பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் மட்டுமாவது கடைசி வரைக்கும் வாசியுங்கள். மற்றவர்கள் ஷெயார் பண்ணினால் போதும்.

விஷயம் இதுதான். வார இறுதிகளில் நடக்கிற அறுவர், எழுவர் உதைபந்தாட்டப் போட்டிகளிலும் 16 வயதுக்குட்பட்ட றக்பி மேட்ச்களிலும் டீம் பேக்கைத் திறந்தால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்பு பந்தும் பண்டேஜும் ஐஸும் இருக்கும். இப்போது எனர்ஜி ட்ரிங்க் கேன் அடுக்கியிருக்கிறது. அதோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே கலர் தூள், ஒரு கரண்டி. “ப்ரீ வேர்க்அவுட்” என்கிறார்கள். யாரோ டுபாயிலிருந்து கொண்டுவந்ததாம். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கிப் போத்தலில் கலக்கிக் குலுக்கிக் குடிக்கிறார்கள். பெரிய ஆட்கள் பக்கத்தில் நின்று கைதட்டுகிறார்கள். கேட்டால் “ஒண்டும் ஆவாது ஸேர், எல்லாரும் குடிக்கிறதுதானே” என்று பதில் வருகிறது.

எல்லாரும் குடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு “ஸேர் விளையாட்டுக்கு எதிரி” என்று யாரும் கதை கட்டக்கூடாது. கபீன் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யும். விளையாட்டுப் போஷாக்கில் இத்தனை வருடம் ஆராய்ந்து, இத்தனை தடவை உறுதி செய்யப்பட்ட பொருட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கபீன் அதில் ஒன்று. மூளையில் களைப்பைச் சொல்கிற அடினோசின் என்ற பொருள் போய் ஒட்டுகிற இடத்தில் கபீன் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு குறையவில்லை, களைப்பு வருகிற செய்திதான் தடைப்படுகிறது. வளர்ந்த வீரர்களில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை, ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் எடுத்தால், நீண்ட நேரம் ஓடுகிற ஆட்டங்களில் 2 முதல் 4 வீதம் அளவில் பலன் கிடைக்கிறது. இதை ஒத்துக்கொள்கிறேன். சர்வதேச ஒலிம்பிக் குழுவும் ஒரு காலத்தில் இதைத் தடை செய்துதான் வைத்திருந்தது; 2004 ஜனவரியில்தான் கபீன் தடைப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. இன்றைக்கும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அதைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. அப்படியான ஒரு பொருளை “சும்மா ஒரு ட்ரிங்க்” என்று சொல்லாதீர்கள். வேலை செய்கிற பொருள் என்றால் அதற்கு ஓர் அளவு உண்டு, ஒரு வயது உண்டு.

இப்போது கணக்குக்கு வாருங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

உலகமெங்கும் விற்கிற ரெட் புல் 250 மில்லிலீட்டர் கேனில் 80 மில்லிகிராம் கபீன், 27 கிராம் சீனி. இது இரகசியமில்லை, கேனிலேயே இருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல் எல்லாத் தரவுகளையும் பார்த்துவிட்டுச் சொன்னது: வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், ஒரே தடவையில் 200 மில்லிகிராம் வரை பயமில்லை. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஒரு நாள் முழுவதுக்கும் கிலோவுக்கு 3 மில்லிகிராம்.

எங்கட 15 வயதுப் பையன் சராசரியாக எத்தனை கிலோ? நான் வகுப்பில் நிறுத்துப் பார்க்கிறவன். 45, 48, 50 என்றுதான் முள் நிற்கிறது. 48 கிலோ என்று வைப்போம். அவனுக்கு ஒரு நாள் எல்லை 144 மில்லிகிராம். காலையில் வீட்டில் ஒரு பிளேன்டீ, அதில் ஒரு 40. மைதானத்தில் முதல் மேட்ச்சுக்கு ஒரு கேன், 80. எல்லைக்குக் கிட்ட வந்தாயிற்று. அடுத்த மேட்ச்சுக்கு இன்னொரு கேன். இப்போது 200. அரையிறுதிக்கு ஒன்று, இறுதிக்கு ஒன்று. மாலை ஐந்து மணிக்கு அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் அன்றைக்குப் போன கபீன் 360 மில்லிகிராம். வளர்ந்த மனிதனின் நாள் எல்லைக்குக் கொஞ்சம்தான் குறைவு, அதுவும் 48 கிலோ உடம்பில், வெயிலில், இதயம் ஏற்கனவே நிமிடத்துக்கு 180 தடவை அடிக்கிற நேரத்தில். தூளைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை. அந்த வகைத் தூள்களில் ஒரு கரண்டிக்கு 150 முதல் 300 மில்லிகிராம் வரை கபீன் இருப்பது சாதாரணம்.

இதில் எனக்கு மிகவும் உறைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கபீன் ஆட்டத்தில் நன்றாக வேலை செய்யத் தொடங்குகிற அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று மேலே சொன்னேன். பிள்ளைக்கு ஒரு நாளைக்கான எல்லையும் அதே 3 மில்லிகிராம்தான். வளர்ந்தவனுக்குப் பலன் தொடங்குகிற கோட்டிலேயே பிள்ளைக்குப் பாதுகாப்பு முடிகிறது. ஆகவே கோச்மாரே, “கொஞ்சமாகத்தான் கொடுக்கிறோம்” என்று சொல்லாதீர்கள். உண்மையிலேயே கொஞ்சமாகக் கொடுத்தால் நீங்கள் சொல்கிற பலன் பெரிதாக வராது. பலன் வருகிற அளவுக்குக் கொடுத்தால் அது கொஞ்சம் இல்லை. இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் சொல்லலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2011இலேயே பிள்ளைகளின் உணவில் எனர்ஜி ட்ரிங்குக்கு இடமே இல்லை என்று எழுதிவிட்டது. லித்துவேனியா 2014இல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடை செய்தது, பிறகு லத்வியா. போலந்து 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் தேநீர், கோப்பி தவிர்ந்த பானமொன்றில் லீட்டருக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் கபீன் இருந்தால், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதில்லை என்று கேனிலேயே அச்சடிக்க வேண்டும். அந்த எச்சரிக்கை எழுதிய கேனை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்து “எங்கள் குட்டிச் சிங்கங்கள்” என்று பேஸ்புக்கில் போடுகிறீர்கள். சிலவேளை நீங்கள் வாசிக்கவில்லை. எழுத்து சின்னதுதான்.

எங்கட நாட்டிலும் நல்ல விதி இருக்கிறது, இல்லையென்று சொல்ல வரவில்லை. 2016 ஓகஸ்ட் மாதத்திலிருந்து இனிப்புப் பானங்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று சீனி அடையாளம் போட வேண்டும். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள். இப்போது அந்தக் கேனை அளந்து பாருங்கள்: 250இல் 27 கிராம், அதாவது நூறுக்கு 10.8. ஒரு மயிரிழையில் செம்மஞ்சள். பிள்ளைகள் அதைக் காட்டி “ஸேர், சிவப்பு இல்லையே” என்று என்னிடமே வாதாடுகிறார்கள். அந்த வட்டம் சீனிக்கு மட்டும்தான் மகனே, கபீனுக்கு வட்டமே இல்லை என்று நான் விளக்க வேண்டியிருக்கிறது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம், என்ன விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கையும் இருக்கிறது. ஆனால் சுற்றறிக்கை கேற் வரைக்கும்தான் போகும். ரோட்டைத் தாண்டினால் கடை.

இனி அந்தத் தூள்.

கேனிலாவது என்ன இருக்கிறது என்று தெரியும். டப்பாவில் எழுதியிருப்பதும் டப்பாவுக்குள் இருப்பதும் ஒன்றுதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? 2011 ஞாபகம் இருக்கிறதா? உலகக் கிண்ண அரையிறுதி, எங்கட கெத்தாராமையில், நியூசிலாந்துக்கு எதிராக. கொட்டாஞ்சேனையில் இருக்கிறவர்களுக்கு அன்று சத்தம் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அந்தப் போட்டியில் எடுத்த பரிசோதனையில்தான் உபுல் தரங்க மாட்டினார். ஊக்கமருந்து எடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. தோள் வலிக்கு எடுத்த நாட்டு மருந்தில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. விசாரணைக் குழுவும் அதை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் மூன்று மாதத் தடை. அதே வருடம் இலங்கை றக்பி வீரர்கள் மூவர் மெத்தில்ஹெக்ஸனமைன் என்ற பொருளுக்காகத் தடை பெற்றார்கள். அது எதில் வரும் தெரியுமா? இதே மாதிரி ப்ரீ வேர்க்அவுட் தூள்களில்தான் அந்தக் காலத்தில் அது ஓடித் திரிந்தது. அதே வருடம் இங்கிலாந்தில் மன்செஸ்டர் சிட்டியின் கோலோ டூரே மனைவியின் மெலிவதற்கான மாத்திரையை எடுத்துவிட்டு ஆறு மாதம் வெளியே உட்கார்ந்தார்.

இவர்களுக்கெல்லாம் டீம் டொக்டர் இருந்தார், வக்கீல் இருந்தார். எங்கட பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் இருக்கிறது, அவர்கள் பாடசாலை வீரர்களையும் பரிசோதிக்கிறார்கள். இந்தச் சட்டங்களின் அடிப்படை ஒன்றுதான்: உன் உடம்புக்குள் எது இருந்தாலும் அதற்கு நீயே பொறுப்பு. “கோச் தந்தார்” என்றால் தண்டனையைக் கொஞ்சம் குறைப்பார்கள், குற்றம் போகாது. தேசிய அணிக்கு வரக்கூடிய பிள்ளை ஒன்று எங்கட தெருக்களில் இருந்து வருவதே பெரிய விஷயம். ஒரு கரண்டித் தூளுக்காக அவன் பெயரை அழிக்கப் போகிறீர்களா?

எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சியாளரிடம் இதைப் பற்றிப் பேசினேன். எந்த டீம் என்று சொல்ல மாட்டேன், கேட்கவும் வேண்டாம். மிகவும் மரியாதையாகக் கேட்டேன், “அண்ணன், இந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் வாசித்தீர்களா?” என்று. அவர் சிரித்தார். “ஸேர் நீங்க புத்தகத்தைப் பாருங்க, நாங்க ஸ்கோரைப் பாக்கிறம்” என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு வாப்பாமாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததில் எனக்கு ஒன்றும் இல்லை, ஆசிரியத் தொழிலில் அது பழக்கம். அவர்கள் பிள்ளைகள் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள், அதுதான் உறுத்துகிறது.

சரி, ஸ்கோரைப் பற்றியே பேசுவோம்.

மேட்ச்சில் எங்கட பிள்ளைகள் எப்போது விழுகிறார்கள்? இரண்டாம் பாதியில், கடைசி இருபது நிமிடத்தில். கால் வராது, பாஸ் பிழைக்கும், தசைபிடிப்பு வரும், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். எல்லாரும் “ஸ்டெமினா இல்லை” என்கிறார்கள். ஸ்டெமினா எங்கே இருந்து வருகிறது? பெரும்பகுதி தட்டில் இருந்து. வேகமாக ஓடி நின்று மறுபடி ஓடுகிற விளையாட்டுக்குத் தசை எரிக்கிற பிரதான எரிபொருள் கிளைக்கோஜன். அது காபோவைதரேற்றில் இருந்து வருவது, சோறு பாண் இடியப்பத்தில் இருந்து வருவது. அது தீர்ந்தால் மூளையை எவ்வளவு தட்டி எழுப்பினாலும் கால் ஓடாது. பெற்றோல் இல்லாத த்ரீவீலரில் ஹோன் அடிக்கிற மாதிரி.

இது புதுக் கதையும் இல்லை. சுவீடனில் பெங்ட் சால்ட்டின் என்ற உடற்தொழிலியலாளர் 1973இலேயே காட்டிவிட்டார். உதைபந்தாட்ட வீரர்கள் சிலரைத் தசையில் கிளைக்கோஜன் நிறைந்திருக்கும்போதும், முதல் நாள் கடும் பயிற்சியால் அது குறைந்திருக்கும்போதும் ஆட விட்டுப் பார்த்தார். நிறைந்திருந்தவர்கள் சுமார் 12 கிலோமீட்டர் ஓடினார்கள். குறைந்திருந்தவர்கள் 9.7 கிலோமீட்டர், அதிலும் பாதித் தூரம் நடந்தார்கள். நிறைந்திருந்தவர்கள் நடந்தது காற்பங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கபீன் தரக்கூடிய 2, 4 வீதத்தையும் இந்த வித்தியாசத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பல் ஓட்டை வழியாகத் தண்ணீர் எடுக்கிறது, நாங்கள் கொடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எங்கட பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். காலை ஐந்தரைக்கு எழும்புகிறான். வேனுக்கு நேரமில்லை, ஒரு தேத்தண்ணி, இரண்டு மாரி பிஸ்கட். பத்தரைக்கு இடைவேளையில் ஒரு றோல்ஸ் அல்லது ஒரு பக்கெட் டிப்பிடிப். பாடசாலை விடுவது ஒன்றரைக்கு. பயிற்சி மூன்றுக்கு. வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலம் அவன் மைதானத்து மதிலில் உட்கார்ந்திருக்கிறான், பசியோடு. அந்த நேரத்தில்தான் யாரோ கேனைக் கொடுக்கிறார்கள். குடித்ததும் தெம்பு வருகிறது. பசி வயிற்றில் 27 கிராம் சீனி விழுந்தால் யாருக்குத்தான் தெம்பு வராது? அந்தத் தெம்பு கேனுடைய மந்திரம் என்று பிள்ளை நம்பிவிடுகிறான். ஒரு ஆனைவாழைப்பழம் கொடுத்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவு காபோவைதரேற்று உள்ளே போயிருக்கும்.

பயிற்சி முடிய ஐந்தரை. ஆறரைக்கு டியூஷன். எட்டரைக்கு வீடு. அன்றைக்கு முழுச் சாப்பாடு என்று பார்த்தால் அந்த இரவுச் சாப்பாடுதான், அதுவும் சிலவேளை காலி வீதியில் ஒரு கொத்து. பிறகு ஹோம்வேர்க். கபீன் உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஐந்து மணித்தியாலம் ஆகும். நான்கு மணிக்குக் குடித்தது ஒன்பது மணிக்குப் பாதி மிச்சம். வளர்ந்தவர்களில் செய்த ஓர் ஆய்வில், படுக்கைக்கு ஆறு மணித்தியாலம் முன்னர் எடுத்த 400 மில்லிகிராம் கபீன் கூட ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தூக்கத்தைத் தின்றது. அமெரிக்காவில் 2014இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு பாடசாலை வீரர்களைப் பார்த்தது: எட்டு மணித்தியாலத்துக்குக் குறைவாகத் தூங்குகிற பிள்ளைகள் காயப்படுகிற வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு. இரவில் தூங்க மாட்டான், காலையில் வகுப்பில் என் முன்னால் தலை சாய்ந்து கிடப்பான், மாலையில் தூக்கம் போக இன்னொரு கேன். ஓ.எல். பரீட்சைக்கு இருக்கிற பிள்ளைகள் இவர்கள். ஒரு சீசனில் முழங்காலும் போய் ரிசல்ட்ஸும் போனால், கைதட்டிய ஆட்களில் யார் வந்து நிற்பார்கள்?

அடுத்து, சாப்பாடு. நான் சொல்லப்போவதில் எதுவும் டுபாயிலிருந்து வரவேண்டியதில்லை.

மேட்ச்சுக்கு ஒன்று முதல் நான்கு மணித்தியாலம் முன்னர், கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் காபோவைதரேற்று என்பதுதான் விளையாட்டுப் போஷாக்கு வழிகாட்டிகள் சொல்வது. நேரம் கிட்டக் கிட்ட அளவு குறைய வேண்டும். 48 கிலோப் பிள்ளைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன் 100 கிராம் அளவு என்று வைத்தால், இரண்டு கப் சோறும் ஒரு வாழைப்பழமும் கணக்கைத் தாண்டிவிடும். சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன். எண்ணெய் குறைவாக, கொச்சிக்காய் குறைவாக. மேட்ச் அன்று பிரியாணி வேண்டாம், அது வென்ற பிறகு. கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும், பிள்ளை பாதி மேட்ச்சில் வயிற்றைப் பிடிப்பான். இடியப்பமும் சொதியும் நல்லது. பாணும் ஜாமும் கூட நல்லது. வீட்டில் “வெறும் பாண்” என்று இளக்காரமாகச் சொல்கிறோம், ஆனால் இதற்கு அது பொருத்தமான சாப்பாடு.

ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற மேட்ச் என்றால், சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு இடையில் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால், அல்லது நாள் முழுக்க ஐந்து ஆறு ஆட்டம் என்றால்தான் இடையில் எரிபொருள் வேண்டும். மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் என்பது வளர்ந்தவர்களின் கணக்கு, எங்கட பையனுக்கு அந்த 30 பக்கமே போதும். கதலி வாழைப்பழம் இரண்டு. அல்லது பேரீச்சம்பழம் நாலைந்து, அது எங்கட வீடுகளில் எப்படியும் இருக்கும். குடிக்க வேண்டுமென்றால் ஒரு லீட்டர் தண்ணீரில் ஐந்து மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காய். அது கிட்டத்தட்ட 6 வீதக் கரைசல், பெரிய கம்பனிகள் விளையாட்டுப் பானம் என்று விற்பதும் அதே 6 வீதம்தான். எனர்ஜி ட்ரிங்க் 10.8 வீதம் என்று மேலே பார்த்தோம். அவ்வளவு தடித்த இனிப்பு வயிற்றில் தங்கி மெதுவாகத்தான் இறங்கும். ஓடுகிற பிள்ளைக்கு அது வயிற்றில் குலுங்குகிற ஒரு போத்தல்.

ஜீவனி பற்றிப் பல பேர் கேட்கிறார்கள். அது வயிற்றோட்டத்துக்குச் செய்தது. அதில் உப்பு கூட, குளுக்கோஸ் குறைவு, லீட்டருக்கு 13.5 கிராம்தான். நன்றாக வேர்த்துக் களைத்த பிள்ளைக்குக் கொடுப்பதில் பிழையில்லை, ஆனால் அதை எரிபொருள் என்று நினைக்க வேண்டாம். முக்கியமாக, பக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். “ஸ்ட்ரோங்கா இருக்கட்டும்” என்று அரைப் போத்தலில் கலக்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மேட்ச் முடிந்தவுடன்தான் பலர் பிள்ளையை மறந்துவிடுகிறார்கள். காலியான தசை மறுபடி நிரம்புவது முதல் சில மணித்தியாலங்களில்தான் வேகமாக நடக்கிறது. அடுத்த நாளும் மேட்ச் என்றால் அப்போதே சாப்பாடு வேண்டும். பாலும் பாணும் முட்டையும் கொடுங்கள்.

பெண் பிள்ளைகளின் உம்மாமார் ஒரு வரி கேளுங்கள். வலைப்பந்தாட்டப் பிள்ளைகள் பலர் கேனே தொடுவதில்லை, அவர்கள் சாப்பாட்டையே தொடுவதில்லை. மெலிய வேண்டுமாம். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதும் இருக்கிறது. தேயிலை சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். இதைத் தனியாக எழுத வேண்டும், எழுதுகிறேன் இன்ஷா அல்லாஹ்.

நோன்பு காலத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் இப்போது நோன்பு மார்ச்சை ஒட்டி வருகிறது, விளையாட்டுப் போட்டிகளும் அந்த நேரம்தான், வெயிலும் அப்போதுதான். 2024 ஆரம்பத்தில் வெப்பம் காரணமாகப் பிள்ளைகளை வெளியில் விளையாட விடுவதைக் கட்டுப்படுத்தச் சொல்லிக் கல்வி அமைச்சே அறிவித்தது, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் ஸஹருக்கு எனர்ஜி ட்ரிங்க் குடித்துவிட்டு நோன்பு பிடிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். “பகல் முழுக்க தெம்பா இருக்கும்” என்று. இருக்காது தம்பி. சீனி சுபஹு தொழுது முடிய முன்னர் தீர்ந்துவிடும், கபீன் மதியத்துக்கு முன்னர் தேய்ந்துவிடும், தினமும் குடித்துப் பழகியவனுக்கு அஸர் நேரம் தலையிடி வரும். ஸஹருக்குச் சோறு சாப்பிடு, தண்ணீர் குடி. பயிற்சியை நோன்பு திறந்த பிறகு தராவீஹுக்குப் பின் வைக்கலாம், அல்லது திறக்கிறதுக்குச் சற்று முன்னர் இலேசாக வைக்கலாம். நோன்புக் கஞ்சியை விடச் சிறந்த மேட்ச் உணவு உண்டா? அரிசி, உப்பு, தண்ணீர், கொஞ்சம் இறைச்சி. ஆளுக்கொரு ஆராய்ச்சிசாலை வைத்தாலும் இதைவிட நன்றாகச் செய்ய மாட்டார்கள். பக்கத்து வீட்டுத் தமிழ், சிங்களப் பிள்ளைகளும் பள்ளியில் வந்து வாங்கிக் குடிப்பது சும்மாவா?

இனி வரப்போகிற கொமென்ட்களுக்கு இப்போதே பதில்.

“மற்ற டீம் குடிக்குது, நாங்க மட்டும் சும்மா போறதா?” சும்மா போகச் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன். பசியோடு கேன் குடித்த டீமையும் சோறு தின்ற டீமையும் ஒரு சீசன் மோத விட்டுப் பாருங்கள்.

“பெரிய வீரர்கள் எடுக்கிறாங்களே.” எடுக்கிறார்கள். அவர்கள் 75, 80 கிலோ. வயது 25. அளந்து எடுக்கிறார்கள், பரிசோதித்த தொகுதியில் இருந்து எடுக்கிறார்கள், பயிற்சி நாளில் பழகிப் பார்த்துவிட்டுத்தான் மேட்ச்சில் எடுக்கிறார்கள். முக்கியமாக அவர்கள் சாப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் அதில் கடைசி ஒரு துளியை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

“தேத்தண்ணியிலயும் கபீன் இருக்குத்தானே ஸேர்?” இருக்கிறது. ஒரு கோப்பை சூடான தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிறோம், 30, 40 மில்லிகிராம். ஒரு பிள்ளை அடுத்தடுத்து ஆறு கோப்பை தேத்தண்ணி கேட்டால் எந்த உம்மா கொடுப்பார்? அந்த ஆறு கோப்பை ஒரு கரண்டித் தூளில் இருக்கிறது, பத்து விநாடியில் உள்ளே போகிறது.

“நாங்களும் குடிச்சம், ஒண்டும் ஆகல்ல.” அல்ஹம்துலில்லாஹ். எங்கட பிள்ளைகளில் யாருக்கு இதயத்தில் பிறவிக் கோளாறு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவனுடைய வாப்பாவுக்கே தெரியாமல் இருக்கலாம். நீங்கள் கொடுக்கிற கரண்டிக்கு அது தெரியாது.

“காசுள்ள ஸ்கூல் டயட்டீஷியன் வைக்கும், எங்களுக்கு எங்க?” இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற கேள்வி, ஏனென்றால் இதில் பாதி உண்மை. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு அறையில் ஆறு பேர் இருக்கிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு பகலில் சோறு கட்டிக் கொடுக்க உம்மாவுக்கு நேரமும் இல்லை, சிலவேளை அரிசியும் இல்லை. ஆனால் கேன் வாங்கக் காசு எங்கிருந்தோ வருகிறது. பழைய மாணவர்கள் தருகிறார்கள், கடைக்காரர் ஸ்பொன்ஸர் பண்ணுகிறார், யாரோ வெளிநாட்டில் இருந்து அனுப்புகிறார்கள். ஒரு கேனின் விலையைக் கொண்டுபோய் பழக்கடையில் கொடுத்துப் பாருங்கள், எத்தனை கதலி கிடைக்கிறது என்று. பதினைந்து பேருக்கு வாங்குகிற கேன் காசில் அந்தப் பதினைந்து பேருக்கும் பகல் சாப்பாடு போடலாம். பருப்பும் சோறும் முட்டையும் தாராளமாக வரும். உங்கள் பெயரை ஜேர்சியில் போடுகிற மாதிரி சோற்றுப் பார்சலில் போட முடியாது என்பதுதான் பிரச்சினை என்றால், பார்சலிலும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆகவே கேட்கிறேன். கோச்மாரே, அந்த டப்பாவை பேக்கில் இருந்து எடுங்கள், இன்றைக்கே. ஒரு பிள்ளைக்கு வாயில் போட எதைக் கொடுத்தாலும் அவனுடைய வீட்டுக்குத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும். கடைக்கார நாநாமாரே, அண்ணாச்சிமாரே, யூனிபோர்மோடு வருகிற பிள்ளைக்கு கேன் விற்காதீர்கள். சட்டம் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். சிகரட் கேட்டால் கொடுக்க மாட்டீர்கள் தானே. அதிபர்மார், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்மார், ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் விளையாட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஒரு வகுப்பறையைத் திறந்து விடுங்கள். மதிலில் உட்கார வைக்காதீர்கள். வாப்பாமாரே, மைதானத்துக்கு வந்தால் ஸ்கோர் கேட்க முன்னர் “என்ன சாப்பிட்டாய்?” என்று ஒரு தடவை கேளுங்கள்.

எனக்குத் தெரிந்த இரண்டு பெற்றோரும் நானும் சேர்ந்து, வருகிற சனிக்கிழமைப் போட்டிக்கு எங்கள் பக்கத்து 15 வயதுக்குட்பட்ட டீமுக்கு பகல் சோறும் வாழைப்பழமும் தேசிக்காய்த் தண்ணீரும் கொண்டு போகிறோம். பதினெட்டுப் பிள்ளைகள். அரிசி ஒருவர் தருகிறார். முட்டைக்கும் பழத்துக்கும் ஆள் வேண்டும். சமைக்க ஒரு வீடு கிடைத்திருக்கிறது, பெரிய சட்டி ஒன்று இருந்தால் நல்லது. இன்பொக்ஸில் சொல்லுங்கள். காசாக அனுப்ப வேண்டாம், பொருளாகத் தாருங்கள்.

கொமென்டில் பிள்ளைகளின் பெயரோ, பாடசாலையின் பெயரோ, கோச்மாரின் பெயரோ போட வேண்டாம். போட்டால் அழித்துவிடுவேன்.